அக்குபஞ்சர் சரி, மாத்திரையை ஏன் நிறுத்தச் சொல்கிறீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றி அடிக்கடி செய்தி போடுகிறீர்கள். பறிமுதல், கைது என்பதோடு அது முடிந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தை விட்டுவிட நினைக்கும் பையன் வீட்டில் என்ன பாடு படுகிறான் என்று யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

என் தம்பி டேபென்டடால் என்ற அந்த வலி மாத்திரைக்கு அடிமையாகிக் கிடந்தவன். நிறுத்திய இரண்டாம் நாள், சித்திரை வெயிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கினான், கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்து நின்றது, ஓயாமல் கொட்டாவி, மூக்கொழுகல், ராத்திரி முழுக்கக் காலை உதறி உதறிப் பாயே கிழிந்துவிட்டது. அரசு மருத்துவர் அந்தத் தவிப்பை அடக்கும் மாற்று மருந்தான பியூப்ரினார்பின் மாத்திரை கொடுத்தார். நாக்குக்கு அடியில் வைத்து, கரையும்வரை வாய் திறக்காமல் உட்கார வேண்டும். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியதைக் கண்ணால் பார்த்தேன். தூக்கம்தான் வரவில்லை. அதற்காக அக்குபஞ்சருக்குக் கூட்டிப் போனோம். காதில் ஊசி வைத்த அன்று விடியும்வரை தூங்கினான், அது உண்மை. ஆனால் நாலாவது வாரம் அந்தச் சிகிச்சையாளர், "மாத்திரையும் விஷம்தான், தூக்கிப் போடுங்க" என்றார். நம்பி நிறுத்தினோம். பதினோராம் நாள் வலி மாத்திரையைக் கரைத்துப் பழைய அளவையே ஏற்றிக்கொண்டான். இடைவெளி விட்ட உடம்பு அந்த அளவைத் தாங்காது என்று எங்களுக்குத் தெரியாது. மூச்சு அடங்கிக்கொண்டிருந்தவனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். பிழைத்தான்.

நான் அக்குபஞ்சரைக் குறை சொல்லவில்லை. 1972-ல் ஹாங்காங்கில் டாக்டர் வென் அறுவைச் சிகிச்சை வலிக்காக மின்சார ஊசி வைத்தபோது, அபின் பழக்கம் இருந்த நோயாளியின் தவிப்பும் குறைந்ததைக் கவனித்தார். நியூயார்க்கின் லிங்கன் மருத்துவமனையில் வளர்ந்ததுதான் காதில் ஐந்து இடத்தில் ஊசி வைக்கும் முறை. 2024-ல் சீனாவின் குவாங்டாங்கில் 118 பேரிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. பியூப்ரினார்பின் போலவே போதை மீட்புக்குத் தரும் மாற்று மருந்து மெத்தடோன். 8 வாரத்தில் அதன் அளவை ஐந்தில் ஒரு பங்காவது குறைக்க முடிந்தவர்கள், உண்மையான அக்குபஞ்சர் எடுத்தவர்களில் 62 சதவீதம், ஒப்புக்கு ஊசி வைக்கப்பட்டவர்களில் 29 சதவீதம். அந்த 118 பேருமே மெத்தடோன் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்பதைத்தான் நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. மருந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள், ஒரே நாளில் தூக்கிப் போடவில்லை.

அரசு மருத்துவமனைகளில் இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது, போதை மீட்புப் பிரிவும் இருக்கிறது. இரண்டு மருத்துவர்களும் ஒரே சீட்டைப் பார்த்துப் பேசிக்கொள்ள ஏற்பாடு செய்தால் என்ன? தனியாகச் சிகிச்சை தருபவர்களிடமும் கேட்கிறேன், ஊசி வையுங்கள், ஆனால் மாத்திரை எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

தம்பி இப்போது தினமும் மாத்திரை எடுக்கிறான், சனிக்கிழமை ஊசிக்குப் போகிறான், வேறொருவரிடம். அவர் காதைத் தொடுவதற்கு முன்னால் கேட்பது, "தம்பி, இன்னைக்கு மாத்திரை வச்சாச்சா?"

— ஒரு அண்ணன், மதுரை