ஐடி முடங்கினால் யாரிடம் கேட்பது?

மாண்புமிகு தமிழ்நாடு தொழிலாளர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். வேளச்சேரி, தரமணி, பெருங்குடி வட்டாரத்தில் கைபேசிச் செயலியில் வரும் ஆர்டர்களின்படி வீடுகளுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுப்பவன் நான். முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட, எங்களைப் போலச் செயலி வழியாக வேலை செய்யும் கிக் தொழிலாளர்களுக்கான நலவாரியம் அந்த ஆண்டே அமைக்கப்பட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் எங்களில் 2,000 பேருக்கு மின்ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். அண்ணா நகரில் மாநகராட்சி குளிரூட்டப்பட்ட ஓய்வறை திறந்தது. பொட்டலத்துக்காகக் காத்திருப்பவனைக் கழிப்பறைப் பக்கம்கூட விடாத ஓட்டல்கள் நிறைந்த ஊரில் அது சிறிய காரியம் இல்லை.

ஆனால் காலையில் செயலியைத் திறக்கும்போது ஐடி, அதாவது ஆர்டர் எடுக்க எங்களுக்குத் தரப்பட்ட கணக்கு, முடக்கப்பட்டிருந்தால், அந்த ஓய்வறையில் உட்கார்ந்து என்ன செய்வது?

நண்பர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி உள்ளே விடவில்லை. வாடிக்கையாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. அடுத்த ஆர்டர் வந்துவிட்டதால் பொட்டலத்தைக் காவலாளியிடமே கொடுத்துவிட்டு வந்தார். 'உணவு வரவில்லை' என்று புகார் போனது. மறுநாள் ஐடி இல்லை. செயலியின் உதவிப் பக்கத்தில் எழுதினால், விதிகளை மீறியதால் கணக்கு நிறுத்தப்பட்டது என்று ஆங்கிலத்தில் பணிவாக ஒரு பதில் வரும். எந்த விதி, எந்த நாள், யார் முடிவெடுத்தது என்று எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான். நிறுவனத்தின் அலுவலகத்துக்கு நேரில் போனார்; எல்லாம் செயலியில்தான் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வண்டிக் கடனின் மாதத் தவணைக்கு மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் தொலைபேசி வந்தது.

ஓர் ஆலைத் தொழிலாளியை நீக்கினால் அவர் சமரச அலுவலரிடம் போகலாம். அங்கே தீராவிட்டால் தீர்ப்பாயம் இருக்கிறது. எங்களுக்கு அந்தக் கதவு இல்லை, ஏனென்றால் ஒப்பந்தத்தின்படி நாங்கள் சுதந்திரமாகத் தொழில் செய்பவர்கள். ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். மதிப்பெண் போடுவதும் அவர்கள், ஊக்கத்தொகையை ஒரே இரவில் மாற்றுவதும் அவர்கள். இது என்ன சுதந்திரமோ! 2021 பிப்ரவரியில் ஊபர் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஓட்டுநர்களைத் தொழிலாளர்கள் என்று தீர்ப்பளித்தது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஒன்றிய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு எங்களைப் பெயர் சொல்லி ஏற்கிறது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை எங்கள் நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் ஐடியைப் பறித்தால் என்ன வழி என்று அதில் சொல்லவில்லை. நம் வாரியமோ 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் வருகிறது. விபத்து, மரணம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு உதவவே வாரியங்கள். வேலை இருக்கும்போதே அந்த வேலை காணாமல் போவதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் எப்படி நினைத்துப் பார்த்திருக்க முடியும்?

பக்கத்து மாநிலத்தில் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். கர்நாடகத்தின் 2025-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவரை நீக்க எழுத்தில் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் தேவை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்திய மாநிலம் நம்முடையது. 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த ஊர் இது. நாம் பெங்களூருக்குப் பின்னால் நிற்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தவறு செய்தவரைக் காப்பாற்றும்படி நான் கேட்கவில்லை. பொட்டலத்தைத் திருடியவரை நீக்கட்டும். என்ன குற்றம் என்று தமிழில் எழுதிக் கொடுத்து, அவர் சொல்வதையும் கேட்டுவிட்டு நீக்கட்டும். கைகலப்பு, துன்புறுத்தல் போன்ற புகார்களைத் தவிர மற்றவற்றில் விசாரணை முடியும்வரை ஐடி இயங்க வேண்டும். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் இதற்கென ஓர் அலுவலர் வேண்டும். நிறுவனத்தை வரவழைத்துக் கேட்கவும், முடக்கத்தை நீக்க உத்தரவிடவும் அவருக்கு அதிகாரம் வேண்டும். அதிகாரம் இல்லாத உதவி எண் ஒன்றைக் கொடுத்துவிடாதீர்கள். அப்படி ஒன்று செயலியிலேயே இருக்கிறது.

இதற்கான மசோதாவை எழுதும்போது எங்களையும் அழையுங்கள். மதிய ஆர்டர்கள் மூன்று மணிக்கு ஓய்ந்துவிடும், இரவு ஆர்டர்கள் ஏழு மணிக்குத்தான் சூடுபிடிக்கும். இடையில் எப்போது கூட்டம் வைத்தாலும் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
வேளச்சேரி உணவு விநியோகத் தொழிலாளி ஒருவன்