கரண்ட் வைப்பதற்கு முன் எங்களுக்கு ஒரு மணி நேரம் தாருங்கள்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறைகளை நடத்திவரும் மருத்துவப் பேராசிரியர்களுக்கும், அத்துறைகளின் செவிலியர்களுக்கும் தொழில்நுட்பர்களுக்கும் வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஈராண்டுகளுக்கு முன் எனக்கு ஆசனவாயில் புற்றுநோய் இருப்பது தெரியவந்து, உங்களைப் போன்றோர் நடத்தும் ஒரு துறையில், வாரத்துக்கு ஐந்து நாள் வீதம், 28 நாள் கதிர்வீச்சும் கூடவே கீமோவும் எடுத்துக்கொண்டேன். இன்று நோய் இல்லை. மலம் சேர வயிற்றில் வைக்கும் பையும் இல்லை. இந்த நன்றியை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத மனம் வருகிறது. நான் கேட்க வந்தது ஒன்றுதான். இந்தச் சிகிச்சை உடம்பை என்ன செய்யும், எந்த வாரத்தில் செய்யும், அதற்கு வீட்டில் என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும் என்பதை, முதல் நாள் கரண்ட் (கதிர்வீச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வைப்பதற்கு முன்பே, நோயாளியையும் உடன் வருபவரையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். எனக்கு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். “கொஞ்சம் எரிச்சல் இருக்கும், பயப்படாதீங்கம்மா” என்றார்கள். அவ்வளவுதான்.

உங்களிடம் வந்து சேர்வதற்கே எங்களில் பலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. மலத்தோடு இரத்தம் வந்தால் அது மூலம் என்பதுதான் ஊரில் எல்லோருடைய முடிவும். பேருந்து நிலையச் சுவரெங்கும் மூலம், பவுத்திரத்துக்கு அறுவை இல்லாத வைத்தியம் என்ற விளம்பரங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை நம்பி எட்டு மாதம் லேகியம் சாப்பிட்டவள் நான். கையுறை அணிந்த ஒரு விரலால் அரை நிமிடம் பரிசோதித்த ஒரு பெண் மருத்துவர்தான் சதைத் துண்டு எடுத்துப் பார்க்க அனுப்பினார். வெட்கத்தில் இழந்த எட்டு மாதத்துக்கு நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. உங்கள் வாசலுக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் சொல்ல வேண்டியது நல்ல செய்தி. 1970-களின் தொடக்கம் வரை இந்த நோய்க்கு ஆசனவாயையும் மலக்குடலையும் அறுத்தெடுத்து, வயிற்றில் நிரந்தரமாகப் பை வைப்பதுதான் வழக்கமான சிகிச்சையாக இருந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நார்மன் நிக்ரோ என்ற அறுவை மருத்துவர், அறுப்பதற்கு முன் கட்டியைச் சுருக்கலாம் என்று எண்ணி, மூன்று நோயாளிகளுக்குக் கதிர்வீச்சையும் கீமோவையும் சேர்த்துக் கொடுத்து, 1974-இல் அதைப் பதிவு செய்தார். இருவருக்கு அறுவை செய்து பார்த்தபோது எடுத்த சதையில் புற்றே இல்லை. மூன்றாமவர் அறுவைக்கு மறுத்துவிட்டு நலமாகவே இருந்தார். பின்னர் பிரிட்டனில் 585 பேரிடம் நடந்து 1996-இல் வெளியான ஆய்வு, கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 59 சதவீதத்தினருக்கு அந்த இடத்து நோய் கட்டுப்படவில்லை அல்லது திரும்பி வந்தது என்றும், கீமோவையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அது 36 சதவீதமாகக் குறைந்தது என்றும் காட்டியது. இவற்றையெல்லாம் நான் சிகிச்சை முடிந்த பிறகே படித்துத் தெரிந்துகொண்டேன். என் பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்காவுக்கு இது தெரியவே தெரியாது. “கடைசியில பைதான் வைப்பாங்களாம், அதுக்கு நான் இப்படியே போயிடுறேன்” என்று சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பிப் போனவர் திரும்பி வரவில்லை. பை வைக்காமல் இருப்பதற்காகத்தான் இந்தச் சிகிச்சை என்று ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தால் போதும்.

அடுத்து, கஷ்டத்தை உள்ளபடி சொல்லுங்கள். முதல் நாள் மைட்டோமைசின் என்ற ஊதா நிற மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். கரண்ட் வைக்கும் நாள்களில் இருவேளையும் கேபசிடபின் என்ற கீமோ மாத்திரை. முதல் இரண்டு வாரம் எனக்குச் சோர்வைத் தவிர ஒன்றும் இல்லை. இவ்வளவுதானா என்று மகளிடம் சொல்லிச் சிரித்தேன். மூன்றாம் வாரக் கடைசியில் தொடை இடுக்கு சிவந்தது. நான்காம் வாரத்தில் கறுத்தது. ஐந்தாம் வாரத்தில் பின்புறப் பிளவிலும் இடுக்கிலும் தோல் உரிந்து, ஈரப் புண்ணாகி, உள்பாவாடை ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது. எங்கள் ஊரிலிருந்து மருத்துவமனைக்கு ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். உட்கார இருக்கை இருந்தும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். “உக்காருங்கம்மா, எடம் இருக்கே” என்று நடத்துநர் அன்போடு சொன்னபோது, என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். மலம் கழிப்பது என்றாலே நடுங்கினேன். அதற்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தேன். எடை ஆறு கிலோ குறைந்தது. சிகிச்சையில் ஏதோ தப்பு நடந்துவிட்டது, அதிகமாகச் சுட்டுவிட்டார்கள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பினோம். இது எதிர்பார்க்கப்பட்டதே, கடைசி நாளுக்குப் பின்னும் ஓரிரு வாரம் கூடிவிட்டு, அதன்பின் சில வாரங்களில் ஆறிவிடும் என்ற ஒரு வாக்கியம் என் கையில் இருந்திருந்தால், அந்த இரவுகளை வேறு மாதிரி கழித்திருப்பேன்.

எனக்கு அந்த வாக்கியத்தைக் கொடுத்தவர் இரவுப் பணியில் இருந்த ஒரு செவிலியர். காய்ச்சலென்று என்னைச் சேர்த்திருந்த அன்று, கழிப்பறையிலிருந்து நான் அழுதுகொண்டு வருவதைப் பார்த்து, ஒரு மக்கில் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொண்டுவந்து, சிறுநீர் கழிக்கும்போதே இதை மேலே ஊற்றிக்கொண்டிருங்கள், எரியாது என்று சொல்லிக் கொடுத்தார். எரிச்சல் பாதியாகக் குறைந்தது. அகலமான பிளாஸ்டிக் பேசினில் வெந்நீரை விளாவி, நாளுக்கு மூன்று நான்கு முறை பத்து நிமிடம் உட்காரவும், துடைக்காமல் மெத்தென்ற துணியால் ஒற்றி எடுக்கவும், கதவைத் தாழிட்டுவிட்டுக் கால்களை அகட்டிப் படுத்துக் காற்றுப் படவிடவும் அவர்தான் சொன்னார். நைந்த பருத்திச் சேலையைக் கிழித்து விரித்துக்கொள்ளவும், உள்ளாடையை அந்த வாரங்களில் மறந்துவிடவும் சொன்னார். வலி மாத்திரையை மலம் கழிப்பதற்கு அரை மணி முன்னதாக விழுங்க வேண்டும் என்பதும், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல் என்று ஒன்று இருப்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும். வீட்டில் மாமியார் மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்து வைத்திருந்தார். நீங்கள் கொடுக்காத எதையும், பவுடர் உட்பட, அந்தத் தோலில் தடவக் கூடாது என்பதையும் பெரியவர்களின் காதில் விழும்படி நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால் எடுபடாது.

வயிற்றுப்போக்கு தொடங்கியதும் கீரை, கொண்டைக்கடலை, பால், காரம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் குழைந்த சோறு, இட்லி, உப்புப் போட்ட கஞ்சி என்று மாறிக்கொள்ளச் சொல்லுங்கள். நிறுத்தும் மாத்திரையை முன்கூட்டியே கையில் கொடுங்கள். எத்தனை முறை போனால் கேபசிடபினை நிறுத்திவிட்டு உடனே உங்களிடம் வர வேண்டும் என்பதை எண்ணிக்கையோடு எழுதிக் கொடுங்கள். அந்த மருந்தை உடைத்து வெளியேற்ற முடியாத உடல்வாகு சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. அவர்களுக்குத் தொடக்கத்திலேயே வாய்ப்புண்ணும் போக்கும் கடுமையாக வரும் என்பதால், “எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்” என்று பொறுத்துக்கொண்டிருப்பது உயிருக்கே ஆபத்து. காய்ச்சலும் அப்படித்தான். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. நான் பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு விடியும் வரை கிடந்தேன். பத்து மணிக்கு மேல் எந்த எண்ணுக்குப் பேசுவது என்று எங்களிடம் இல்லை. ஒரு தெர்மாமீட்டரும் ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்தனுப்புவது பெரிய செலவன்று.

கழிப்பறையைப் பற்றி எழுதக் கூசவில்லை. சிகிச்சைக்கு முன் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிறைத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். நிறைந்த பை குடலை மேலே தள்ளிக் கதிரின் வழியிலிருந்து விலக்கி வைக்கிறது என்று பிற்பாடு புரிந்துகொண்டேன், நல்ல ஏற்பாடு. ஆனால் இயந்திரம் பழுதாகி வரிசை இரண்டு மணி நேரம் தள்ளிப்போன நாளில், முட்டிக்கொண்டு நின்ற எங்கள் ஆறு பேருக்கும் இருந்தது ஒரே கழிப்பறை. அதுவும் குந்தி உட்காரும் வகை, தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீரும் இல்லை. இடுக்கில் புண்ணோடு குந்துவது என்னவென்று நான் விவரிக்க வேண்டியதில்லை. உங்கள் துறைக்கென உட்காரும் கோப்பை வைத்த ஒரு கழிப்பறை, அதில் கையில் பிடித்துக் கழுவும் குழாய், பிடித்து எழக் கம்பி, தாழ்ப்பாள் ஆகியவற்றைச் செய்து தாருங்கள். பல கோடி ரூபாய் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இதையும் ஒரு மருத்துவக் கருவியாகவே கருத வேண்டுகிறேன்.

இடைவெளி விடக் கூடாது என்பதை மட்டும் எல்லோரும் கண்டிப்போடு சொன்னீர்கள். சரியான கண்டிப்புத்தான்; நாள்கள் விட்டுப்போனால் பலன் குறையும். ஆனால் நான்காம் வாரத்தில் பாதியில் நின்றுவிடுகிறவர் அலட்சியத்தால் நிற்பதில்லை. தினமும் வந்துபோக உடம்பும் பணமும் தீர்ந்துபோய் நிற்கிறார். கடைசி இரண்டு வாரத்துக்காவது வெளியூர்க்காரர்களைத் தங்கவைக்க இடம் ஒதுக்குங்கள். புற்றுநோயாளிகளுக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. அதற்கான சான்றில் மருத்துவமனை கையெழுத்திட வேண்டும். எனக்கு அது 20-ஆம் நாள் இன்னொரு நோயாளியின் கணவர் மூலம் தெரிந்தது.

பெண்களிடம் பேச ஒரு பெண்ணை நியமியுங்கள். இடுப்புக்குக் கீழே ஆடையின்றி மேசையில் படுக்கும்போது ஒரு துணியால் மூடி, கோடு போடும் இடத்தை மட்டும் விலக்குவதற்கு நேரம் அதிகம் பிடிக்காது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்தச் சிகிச்சையால் பெண்ணுறுப்பு சுருங்கி ஒட்டிக்கொள்ளக்கூடும். புண் ஆறிய பிறகு, மருத்துவர் சொல்லும் காலத்திலிருந்து விரிவாக்கி என்னும் குழல் போன்ற கருவியைத் தவறாமல் பயன்படுத்தினால் அதைப் பெருமளவு தவிர்க்கலாம். எனக்கு 58 வயது என்பதால் அது தேவைப்படாது என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். ஓராண்டு கழித்து, ஒரு சாதாரணப் பரிசோதனையைக் கூடச் செய்ய முடியாமல் மகப்பேறு மருத்துவர் திகைத்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. குழந்தை வேண்டும் வயதில் வருகிறவர்களிடம், ஆணாயினும் பெண்ணாயினும், கருவுறும் திறன் போய்விடலாம் என்பதை முதல் நாளுக்கு முன்பே சொல்லியாக வேண்டும். விந்தணுவைச் சேமிப்பதும் சூலகத்தைக் கதிரின் எல்லையிலிருந்து நகர்த்தி வைப்பதும் அதற்குப் பின் பயன்படாது.

இந்நோயில் 10-க்கு ஏறத்தாழ 9 பேருக்குக் காரணமாவது ஹெச்.பி.வி. என்னும் வைரஸ்; மிகப் பரவலான அது, நல்லவர் கெட்டவர் பார்த்து வருவதில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இந்நோயின் ஆபத்து அதிகம் என்பதால் அந்தப் பரிசோதனையையும் கேட்கிறீர்கள். அதை வராந்தாவில், நாலு பேர் நடுவே, குரலை உயர்த்திக் கேட்காதீர்கள். ஒரு தம்பி அன்றோடு வருவதை நிறுத்தினான்.

கடைசியாக, சிகிச்சை முடிந்த பின் காத்திருக்கும் காலம். எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது கட்டி கொஞ்சம் மிச்சமிருந்தது. “அறுவைக்கு யோசிக்கணும்” என்று ஓர் இளம் மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. 940 பேரைக் கொண்டு நடந்த பிரிட்டன் ஆய்வில், சிகிச்சை தொடங்கி 11 வாரத்தில் கட்டி முழுதாக மறையாதிருந்தவர்களில் 72 சதவீதத்தினருக்கு 26-ஆவது வாரத்துக்குள் மறைந்துவிட்டது. கட்டி வளராத வரை பொறுத்துப் பார்ப்பதற்கு அதுவே ஆதாரம் என்று துறையின் மூத்த பேராசிரியர் பிறகு எங்களை அழைத்து விளக்கினார். எனக்கு ஐந்தாம் மாதத்தில் மறைந்தது. அந்த விளக்கத்தை முதல் நாளே தரலாம்.

இந்த ஒரு மணி நேரத்துக்கு ஆள் இல்லை என்பீர்கள். உங்கள் நோயாளிக் கூட்டத்தை நான் கண்ணால் பார்த்தவள். அதை மறுக்க மாட்டேன். சிகிச்சை முடித்தவர்களில் பேசத் துணிந்த சிலர் இருக்கிறோம். ஒரு செவிலியர் உடனிருந்து, தவறாக ஏதும் சொன்னால் திருத்த வேண்டும். நான் சிகிச்சை பெற்ற துறையின் தலைவர் அனுமதித்தால், வியாழக்கிழமைதோறும் புதிதாக வரும் பெண்களோடு உட்கார்ந்து பேச நான் வருகிறேன். காட்டுவதற்குப் பேசினையும் மக்கையும் நானே கொண்டுவந்துவிடுவேன். எங்களுக்கு ஓர் அறையும் கதவும் மட்டும் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் துறை ஒன்றில் நலம்பெற்ற ஓர் ஆசிரியை