நார்வே ‘ஹலால் டூர்’: பணம் கட்டும் முன்...

ஆசிரியர் அவர்களுக்கு,

தக்கலை, தேங்காப்பட்டணம் பக்கமிருந்து கோடை விடுமுறைக்கு நார்வே செல்ல விரும்பும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். ‘ஹலால் டூர்’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

முதலில் தொழுகை நேரம். குமரியில் ஆண்டு முழுவதும் ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் சூரியன் மறைந்துவிடும். நார்வே தலைநகர் ஓஸ்லோவில் ஜூன் மாதம் மறையவே இரவு பத்தரை ஆகிவிடும். அதன் பிறகும் முழு இருட்டு வராது. வடக்கே டிராம்ஸோவில் மே 20 முதல் ஜூலை 22 வரை சூரியன் மறைவதே இல்லை. மஃரிபு (அந்தி), இஷா (இரவு) தொழுகைகளுக்கு அங்குள்ள பள்ளிவாசலின் நேர அட்டவணையைப் புறப்படும் முன்பே வாங்கி வையுங்கள். தொழும் திசையான கிப்லாவும் மாறும்: இங்கே மேற்கு, அங்கே தென்கிழக்கு.

ஓஸ்லோவில் குரோன்லாண்ட் பகுதியில் ஹலால் கடைகள் உண்டு. ஆனால் பிராணியை மயக்கிய பிறகே அறுக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அதை ஏற்காதவர்களுக்கு மீன்தான் வழி; குழம்பில் ஒயின் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டே வாங்குங்கள். பொட்டலத்தில் ‘ஸ்வீன்’ என்றிருந்தால் பன்றி. பிள்ளைகள் கேட்கும் ஜவ்வு மிட்டாயில் பெரும்பாலும் பிராணிகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். ஊரிலிருந்து இறைச்சி ஊறுகாய், பால்கோவா கொண்டுபோக அனுமதியில்லை; அரிசி, மசாலாப் பொடி போதும். அடுப்புள்ள அறையாகப் பதிவு செய்யுங்கள். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இல்லாத இடங்களே அதிகம், கையில் ஒரு பாட்டில் அவசியம்.

நார்வே உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும்.

— வாசகர்கள், தக்கலை