அது அலங்காரம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டி கரையில் இறங்கியது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். 1944 ஜூன் 6, ஐந்து கடற்கரைகள், கப்பலும் படகுமாக ஏறக்குறைய 7,000, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் என எல்லாம் அதில் இருந்தது. நான் எழுத வந்தது கூடவே வெளியான, அன்று பாராசூட் வீரர்களை ஏற்றிச் சென்ற டகோட்டா ரக விமானத்தின் படத்தைப் பற்றி. இறக்கையிலும் வால் பக்கத்திலும் வெள்ளையும் கறுப்புமாக ஐந்து பட்டைகள். படக்குறிப்பு அதை 'நினைவு விழா அலங்காரம்' என்கிறது. அலங்காரம் இல்லை ஐயா, அது ஒரு தழும்பு.

1943 ஜூலை 11 இரவு அமெரிக்க பாராசூட் வீரர்களோடு 144 விமானங்கள் இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் பறந்தன. கீழே நின்ற நேச நாட்டுக் கப்பல்களும் பீரங்கிகளும் எதிரி என்று நினைத்துச் சுட்டதில் 23 விமானங்கள் விழுந்தன. சொந்தக் குண்டில்! மறுபடி அப்படி நடக்கக் கூடாதென்றுதான் நார்மண்டிக்கு இந்தப் பட்டைகள். விஷயம் ஜெர்மானியருக்குத் தெரிந்துவிடக் கூடாதே, அதனால் கடைசி இரண்டு மூன்று நாளில்தான் உத்தரவு வந்தது. தரைப் பணியாளர்கள் கையில் கிடைத்த பிரஷ்ஷால் அவசர அவசரமாக அடித்தார்கள். பழைய புகைப்படங்களைப் பாருங்கள், ஒரு கோடும் நேராக இருக்காது. பேரனுக்கு வாங்கிய பிளாஸ்டிக் டகோட்டாவில் நான் டேப் ஒட்டி, அளந்து, அரை நாள் செலவழித்து நேர்க்கோடு போட்டேன். அவன் கோணலாகப் போட்ட இறக்கைதான் அசலுக்குப் பக்கம்.

'நம்மவர்மேல் பட்டுவிடுமோ' என்கிற இதே பயம் அந்த ஐந்தில் ஒன்றான ஓமஹா கடற்கரையில் வேறு விதமாக விளையாடியது. மேகமூட்டத்தில் கீழே எதுவும் தெரியவில்லை. படகுகள்மேல் விழுந்துவிடக் கூடாதென்று குண்டுவீச்சு விமானங்கள் சில நொடி தாமதித்துக் குண்டு போட்டன. குண்டுகள் கரையைத் தாண்டி உள்ளே வயல்களில் விழுந்தன. ஜெர்மானியக் காவலரண்கள் அப்படியே நின்றன. முதல் படகுகளில் வந்து இறங்கியவர்கள் கதி என்ன ஆயிற்று என்பதைக் கட்டுரையே சொல்லிவிட்டது.

பழைய விமானங்களைக் காப்பாற்றிப் பறக்கவிடுவதில் எனக்கு மறுப்பே இல்லை. பாராசூட் படையின் பிரதான அணிக்கு அன்று முன்னால் பறந்த 'தட்ஸ் ஆல், பிரதர்' என்ற விமானம், 2015இல் விஸ்கான்சினில் ஒரு பட்டறையில் எஞ்சின் மாற்றத்துக்குக் காத்துக் கிடந்தது. அதை மீட்டுப் பழையபடி ஆக்கி 2019இல் நார்மண்டிக்கே பறக்க வைத்தார்கள். செய்தி படித்தபோது எனக்குக் கண் கலங்கியது, ஒளிப்பானேன்.

அடுத்த ஜூனில் அந்த டகோட்டா படத்தை மறுபடி போடுவீர்கள் என்று நினைக்கிறேன். படக்குறிப்பில் சிசிலிக்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி