வீட்டுக்குள்ளேயே காக்கி

கோத்தகிரி

டேய் மூர்த்தி,

என் பெரிய பெண் போலீஸில் செலக்ட் ஆகிவிட்டாள்! இரண்டாம் நிலைக் காவலர். உன் தங்கச்சி பக்கத்து வீட்டில்தான் சொன்னாள், சாயங்காலத்துக்குள் மார்க்கெட் முழுக்கத் தெரிந்துவிட்டது. "போலீஸ் கேஸ் வாங்கின பார்ட்டி வீட்டிலயா போலீஸ்?" என்று நம்ம மொட்டைப்பயல் கடை வாசலில் நின்று சத்தம் போடுகிறான்.

தேர்வு ஓட்டத்தைப் பற்றி எனக்குப் பயமே இருந்ததில்லை. பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிஷம் 30 விநாடி. டானிங்டன் மேட்டில் பஸ்ஸைத் துரத்திப் பழகினவளுக்கு மைதானம் எம்மாத்திரம்?

பார்க்கிறவன் எல்லாம் "எந்த ஸ்டேஷன்?" என்கிறான். ஸ்டேஷனும் இல்லை, ஒன்றும் இல்லை. முதலில் ட்ரெய்னிங், அப்புறம் ஏதோ ஒரு மாவட்டத்து ஆயுதப்படை. கவாத்து, கைதிகளுக்கு வழிக்காவல், மந்திரி வந்தால் ரோட்டோரம் பந்தோபஸ்து. மே மாசம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு வெளி மாவட்டத்திலிருந்து வரும் பிள்ளைகள், ஸ்வெட்டர்கூட இல்லாமல் சேரிங்கிராஸ் பனியில் விசில் ஊதிக்கொண்டு நிற்குமே, அந்த வேலை. தாலுக்கா ஸ்டேஷனுக்கு மாற்றல் எல்லாம் பிறகுதான்.

என் மண்டையைக் குடைவது வேறு. இந்த டிபார்ட்மென்டுக்கு வாசல் ஒன்று இல்லையடா. காவலரையும் எஸ்.ஐ.யையும் எடுப்பது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். டி.எஸ்.பி.யை எடுப்பது டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 1. ஐ.பி.எஸ். டெல்லியில் யு.பி.எஸ்.சி. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் ஊட்டியில் உட்காரும் எஸ்.பி. முதல் கோவையில் இருக்கும் டி.ஐ.ஜி., மேற்கு மண்டல ஐ.ஜி., சென்னையில் டி.ஜி.பி. வரை பெரும்பாலும் அந்த டெல்லி வாசலில் வந்தவர்கள்தான். காவலர் வாசலில் நுழைந்தவர் ஏட்டு ஆகி, எஸ்.எஸ்.ஐ. என்கிற சிறப்பு எஸ்.ஐ. ஆவதற்குள் தலை நரைத்துவிடும். நம்ம ஏட்டையாவைப் பார்த்தோமே.

அதைவிட ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. காவலர்களை அதிகாரிகள் வீட்டு வேலைக்கு வைக்கும் ஆர்டர்லி முறையை 1979லேயே அரசாங்கம் ஒழித்துவிட்டது. அப்படியும் 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை எடுத்துக் கேட்கும்படிதான் இருந்தது. என் பிள்ளை ராத்திரி பகலாகப் படித்தது, எவன் வீட்டு நாயையோ வாக்கிங் கூட்டிக்கொண்டு போகவா? இதை அவளிடம் சொன்னேன். "அப்பா, மனு எழுதத் தெரிஞ்சவளைத்தான் செலக்ட் பண்ணியிருக்காங்க" என்கிறாள். வாய் அப்படியே அவள் அத்தை.

ஒரு வழி இருக்கிறது. எஸ்.ஐ. தேர்வில் 20 சதவீதம் துறைக்குள் இருப்பவர்களுக்கு ஒதுக்கீடு. சர்வீஸ் தகுதி வந்ததும் எழுது என்று இப்போதே நச்சரிக்க ஆரம்பித்துவிட்டேன். இன்னும் யூனிஃபார்மே போடவில்லை, அதற்குள் எஸ்.ஐ.யா என்று உன் தங்கச்சி என்னைத் திட்டுகிறாள். நீயே சொல், நான் கேட்பதில் என்ன தப்பு?

தேயிலை விலையைப் பற்றிக் கேட்காதே. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான்.

உன் மச்சான் அந்த ஒதுக்கீட்டில் எழுதித்தானே எஸ்.ஐ. ஆனார்? அவர் படித்த புத்தகம், நோட்ஸ் எதுவும் எடைக்குப் போய்விடாமல் வாங்கி வை. ஆயுதப்படையில் டூட்டி பார்த்துக்கொண்டே எப்போது படித்தார் என்பதையும் விவரமாகக் கேள். போனில் வேண்டாம், மழுப்பிவிடுவார். நேரில் போய் உட்கார்ந்து கேட்டு எழுது.

உன்,
ராஜு