ஒரே சட்டையில் இருவர்

மாண்ட்ரியல்,
தை மாதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இங்கே நலம். மேலூரில் நீங்கள், மதினி, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? பொங்கலுக்கு ஊரில் கபடி நடந்ததா, யார் ஜெயித்தார்கள் என்று எழுதுங்கள். இங்கே குளிர் மைனஸ் இருபதைத் தொட்டுவிட்டது. தெருவில் இறங்கினால் மூக்குக்குள் இருக்கும் ஈரமே உறைகிறது. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம், தூக்கம் கெட்டுவிடும். வேலை பழகிவிட்டது. என் பிரெஞ்சு இன்னும் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான அளவில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து காகிதம் வந்தால் என் மகள், உங்கள் மருமகள்தான் படித்துச் சொல்கிறாள்.

போனில் நீங்கள் கேட்டதற்கு அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் அனுப்பிய ஷார்ட் டிராக் வீடியோவில், அதாவது பனித்தளத்தில் சறுக்கி ஓடும் பந்தயத்தில், ஒரே சட்டை போட்ட இரண்டு பேர் முன்னும் பின்னுமாகவே போனார்களே, பேசி வைத்துக்கொண்டு ஓடுகிறார்களா, அது நியாயமா என்று கேட்டீர்கள். மருமகள் ஸ்கேட்டிங் கிளப்பில் சேர்ந்ததிலிருந்து எனக்குள்ளும் இதே கேள்விதான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஐஸ் ஹாக்கி ஆடும் தளம்தான், 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதற்குள் ஒரு சுற்று 111.12 மீட்டர். தனித்தனிப் பாதை கிடையாது. 1000 மீட்டருக்கு ஒன்பது சுற்று, 1500 மீட்டருக்குப் பதின்மூன்றரை. இறுதிப் போட்டியில் எவ்வளவு நேரத்தில் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை, யாருக்கு முன்னால் வந்தாய் என்பதுதான் கணக்கு. முன்னால் போகிறவர் காற்றை எதிர்த்துப் போக வேண்டும். ஒட்டிப் பின்னால் வருபவருக்கு அந்தச் சிரமம் குறைவு, கடைசிச் சுற்றுக்குக் காலில் பலம் மிச்சமிருக்கும். முந்த வேண்டுமென்றால் வெளிப்பக்கமாக அதிக தூரம் சுற்ற வேண்டும். உள்பக்கம் நுழையலாம், ஆனால் இடித்துவிட்டால் பெரும்பாலும் முந்த வந்தவர் மேல்தான் குற்றம் வரும்.

இந்த இடத்தில்தான் ஒரே அணிக்காரர் இருவர் சேர்ந்தால் பலம் கூடுகிறது. ஒருவர் முதலில், அடுத்தவர் இரண்டாவதாகப் போய்விட்டால், மூன்றாவதாக வருபவர் இரண்டு பேரைத் தாண்ட வேண்டும். வளைவில் அது லேசான காரியமில்லை. 1500 மீட்டரில் இன்னொன்றும் நடக்கும். ஒருவர் திடீரென்று வேகமெடுத்துப் பிரிந்து போவார். அவருடைய கூட்டாளி, கூட்டத்துக்குத் தலையில் நின்றுகொண்டு, துரத்தாமல் தன் பாட்டுக்குப் போவார். பின்னால் இருப்பவர்கள் அவரைத் தாண்டி வருவதற்குள் இடைவெளி விழுந்துவிடும்.

விதி என்னவோ கண்டிப்பாகத்தான் இருக்கிறது. தனிநபர் ஓட்டத்தில் ஒவ்வொருவரும் தனக்காகவே ஓட வேண்டும், இன்னொருவருக்கு உதவினால் தண்டனை. கபடியில் நீங்கள் கைகோத்துச் சங்கிலி போட்டுப் பிடிப்பதைப் போல இங்கே செய்ய வழியே இல்லை. ஆனால் மெதுவாகப் போகிறவர் கால் தளர்ந்து போகிறாரா, கூட்டாளிக்காகப் போகிறாரா என்று நடுவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? வீடியோவைத் திருப்பிப் பார்த்தால் இடித்த கை தெரியும், நினைப்பு தெரியாதே.

என் மனசுக்குப் படுவதைச் சொல்கிறேன். தான் ஜெயிப்பதற்கான ஓட்டத்தை ஓடிக்கொண்டே கூட்டாளிக்கும் பயன்பட்டால் சரி. தன் வெற்றியை விட்டுவிட்டு, மூன்றாவது ஆளின் வழியை அடைப்பதற்கென்றே ஒருவர் ஓடினால், தொடாமல் செய்தாலும் அது தவறு. அந்த மூன்றாவது ஆளும் இருட்டோடு எழுந்து பனியில் நடந்து பயிற்சிக்கு வந்தவர்தான். கிளப் வாசலில் அந்தப் பிள்ளைகளைத் தினமும் பார்ப்பதால் இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

கூட்டாளிகள் எப்போதும் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டே இருப்பார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் ஆண்கள் 1500 மீட்டர் இறுதியில், கடைசி வளைவு வரை முதல் மூன்று இடத்திலும் கொரியர்கள்தான். மூன்று பதக்கமும் ஒரே நாட்டுக்கு என்றிருந்த நேரத்தில் லீ ஹோ-சுக் தன் நாட்டுக்காரரான சங் சி-பேக்கை உள்பக்கமாக முந்தப் பார்த்தார். இருவரும் சறுக்கிச் சுவரில் போய் விழுந்தார்கள். லீ ஜங்-சுவுக்குத் தங்கம். பின்னால் வந்த அமெரிக்கர்கள் ஓனோவுக்கும் செல்ஸ்கிக்கும் வெள்ளியும் வெண்கலமும். லீ ஹோ-சுக்கைத் தகுதிநீக்கமும் செய்தார்கள். அவர் அன்று தனக்காகத்தான் ஓடினார், விதியும் அதைத்தான் கேட்கிறது. அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அதே ஒலிம்பிக்கில் இந்த ஊர்ப் பக்கத்து அண்ணன் தம்பி இருவர், சார்ல்ஸ் ஹாமலினும் பிரான்சுவா ஹாமலினும், ஒரே 1000 மீட்டர் இறுதியில் ஓடினார்கள். நான்காவது, ஐந்தாவது என்று வந்தார்கள். பதக்கமில்லை. ஆறு நாள் கழித்து 5000 மீட்டர் ரிலேயில் அதே இருவரும் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து தங்கம் வாங்கினார்கள்.

ரிலே நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு 45 சுற்று. ஒருவர் ஒன்றரைச் சுற்றுப் போல ஓடி முடித்ததும், முன்னால் குனிந்து தயாராக இருக்கும் கூட்டாளியின் இடுப்பில் இரண்டு கையையும் வைத்து முழுப் பலத்தோடு தள்ளிவிடுவார். தன் வேகத்தையெல்லாம் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு இவர் உள்ளே ஒதுங்கிவிடுவார். கடைசி இரண்டு சுற்றை ஒருவரே முடிக்க வேண்டும். உதவக் கூடாது என்று அத்தனை கறாராக இருக்கும் ஆட்டத்தில், இந்தத் தள்ளலுக்கு மட்டும் அனுமதி. பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது.

மருமகள் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதக் கிளப் போட்டியில் அவளே பெரும்பாலான சுற்றுகளை முன்னால் இழுத்தாள். அவளுடைய சிநேகிதி முதுகுக்குப் பின்னாலேயே வந்து கடைசிச் சுற்றில் முந்திவிட்டாள், இன்னொரு கிளப் பெண்ணும் முந்த, இவள் மூன்றாவது. மெட்ரோவில் வரும்போது, "அவள் செய்தது சரியாம்மா?" என்று கேட்டாள். சரிதான், அவளும் ஜெயிக்கத்தானே வந்தாள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அடுத்த முறை நான் பின்னால் நிற்கிறேன் என்றாள். மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள்.

இப்போது அந்தச் சிநேகிதியையும் இவளையும் ரிலேக்கு எடுத்திருக்கிறார் கோச். இடுப்பைத் தாழ்த்தி வெகுநேரம் நிற்கத் தொடையில் வலு போதவில்லையாம். உங்கள் பள்ளிக்கூடக் கபடிப் பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுக்கும் பயிற்சிகளை ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள். மாமா சொன்னால் கேட்பாள், நான் சொன்னால் கேட்பதில்லை. மதினி கொடுத்துவிட்ட மோர்மிளகாய் தீரப்போகிறது, ஊரிலிருந்து யாராவது வந்தால் மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை