தான்சானியாவில் இரண்டு ஆண்டு, பண்ருட்டியில் ஓராண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கப்பலில் ஏற்றிய சரக்கு சேதமானால் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு என்ன என்பதை வகுக்கும் 1925ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தை நீக்கிவிட்டு 2025இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியபோது, ஆங்கிலேயர் காலத்துச் சட்டம் ஒழிந்தது என்று பலரும் வரவேற்றார்கள். சட்டத்தின் மொழி எளிமையாகியிருப்பது உண்மைதான். ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக் கொட்டையை வரவழைத்து, பண்ருட்டியில் உடைத்துப் பருப்பாக்கி விற்கும் என்னைப் போன்றவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இந்தியத் துறைமுகத்திலிருந்து புறப்படும் சரக்குக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தும். நம் துறைமுகத்துக்கு வந்து இறங்கும் சரக்குக்குப் பொருந்தாது. நூறாண்டுகளாக இதே நிலைதான்.

இது வழக்கறிஞர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய நுணுக்கம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் தான்சானியாவிலிருந்து தூத்துக்குடிக்கு வந்த என் கன்டெய்னரைத் திறந்தபோது உள்ளிருந்து புளித்த வாடை முகத்தில் அடித்தது. கூரைத் தகட்டில் நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மேலடுக்கில் இருந்த சணல் சாக்குகள் கறுத்துப்போய், கை வைத்தால் சூடு தெரிந்தது. ஒரு கொட்டையைப் பிளந்து பார்த்தால் பருப்பு மஞ்சளாகிப் பூசணம் பிடித்திருந்தது. கூரையின் மூலையில் துருப்பிடித்த ஓட்டை வழியாகப் பகல் வெளிச்சம் தெரிந்ததை, சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் படமெடுத்து அறிக்கையில் சேர்த்தார். காப்பீடு இல்லையா என்று கேட்பார்கள். இருந்தது, ஆனால் இப்படி ஈரத்தால் நேரும் சேதம் அதில் சேரவில்லை.

கப்பல் நிறுவனத்துக்கு எழுதினேன். கொட்டையில் இயல்பாகவே இருந்த ஈரம்தான் காரணம் என்று முதலில் பதில் வந்தது. பிறகு கூடுதல் ஆவணங்கள் கேட்டார்கள், அனுப்பினேன். தலைமை அலுவலகம் பரிசீலிக்கிறது என்றார்கள், காத்திருந்தேன். சரக்கு கைக்கு வந்த பதின்மூன்றாம் மாதம், சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் சீட்டான பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்க நிபந்தனைப்படி ஓராண்டுக்குள் வழக்குத் தொடராததால் என் உரிமை காலாவதியாகிவிட்டது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அந்தத் தாளின் பின்பக்கத்தைக் கண்ணாடி வில்லை வைத்துத்தான் படிக்க முடியும். ஆங்கிலச் சட்டமே பொருந்தும், லண்டன் நீதிமன்றத்தில்தான் வழக்குத் தொடர வேண்டும் என்பதும் அங்கேதான் அச்சாகியிருந்தது. சரக்கு ஏற்றிய நாடான தான்சானியா ஏற்றுக்கொண்டிருக்கும், கடல்வழிச் சரக்கு பற்றிய பன்னாட்டு விதிகளான ஹாம்பர்க் விதிகளில் இதே கெடு இரண்டு ஆண்டு என்பதை அதன் பிறகுதான் அறிந்தேன்.

கடல்சார் சட்டத்தை உலகம் முழுவதற்கும் ஒன்றாக்கும் முயற்சி 1897இல் ஆன்ட்வெர்ப் நகரில் பன்னாட்டுக் கடல்சார் குழு உருவானதோடு அமைப்பு வடிவம் பெற்றது. 1910இல் பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தான கப்பல் மோதல் உடன்படிக்கை, இரு கப்பல்களும் தவறு செய்திருந்தால் அவரவர் தவறின் அளவுக்கேற்ப இழப்பைப் பகிர வேண்டும் என்ற விதியைப் பல நாடுகளுக்கும் பொதுவாக்கியது. கடல்வழிச் சரக்குக்கான பொறுப்பை வகுத்த, நம் சட்டத்துக்கும் அடிப்படையான 1924இன் ஹேக் விதிகளும் அக்காலத்துக்குப் பெரிய சாதனைதான். அதற்கு முன் கப்பல் உரிமையாளர்கள் எந்தப் பொறுப்பும் தமக்கில்லை என்று சீட்டில் அச்சடித்துக்கொண்டு தப்பிவிட முடிந்தது. ஆனாலும் அந்த விதிகளில் கப்பல்காரர் பொறுப்பிலிருந்து விடுபடப் பதினேழு விலக்குகள் இருக்கின்றன. மாலுமிகள் கப்பலைச் செலுத்துவதில் தவறு செய்து சரக்கு நாசமானாலும் உரிமையாளர் பொறுப்பில்லை என்பது அவற்றில் முதலாவது. என்னிடம் காட்டிய ‘சரக்கின் இயல்பான குறை’யும் அந்தப் பட்டியலில் உள்ளதே.

ஒற்றுமை குலைந்தது 1968இல். அந்த ஆண்டு பிப்ரவரியில் கப்பல் வல்லரசுகள் பிரஸ்ஸல்ஸில் கூடி, ஹேக் விதிகளின் அடிப்படையை மாற்றாமல் விஸ்பி திருத்தங்களைக் கொண்டுவந்தன. அதே வாரங்களில் புதுடெல்லியில் நடந்த ஐ.நா. வணிக, வளர்ச்சி மாநாட்டில், சரக்கு அனுப்பும் வளரும் நாடுகள் இந்த விதிகளையே மறுஆய்வு செய்ய வேண்டும் என்று வலியுறுத்தின. அதன் விளைவு 1978இன் ஹாம்பர்க் விதிகள்: மாலுமியின் தவறு என்ற விலக்கு அதில் இல்லை, சரக்கு இறங்கும் துறைமுகத்திலேயே வழக்குத் தொடரலாம். 1992இல் அவை நடைமுறைக்கு வந்தபோது பெரிய கப்பல் நாடுகள் சேரவில்லை. நம் தலைநகரில் எழுந்த கோரிக்கையிலிருந்து பிறந்த அந்த விதிகளில் நாமும் சேரவில்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. நம் வெளிநாட்டு வணிகச் சரக்கில் மிகப் பெரும் பகுதியைச் சுமப்பவை அயல்நாட்டுக் கப்பல்களே என்னும்போது, யாருடைய நலனுக்காக விலகி நிற்கிறோம்?

எல்லாவற்றையும் ஒன்றாக்க 2008இல் ஐ.நா. ஏற்ற ராட்டர்டாம் விதிகளுக்கு இருபது நாடுகளின் ஒப்புதல் வேண்டும். வந்தவற்றை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம். எங்களுக்குக் கொட்டை அனுப்பும் பெனின் அவற்றுள் ஒன்று. ஆக, ஒரே கிடங்கில் அடுத்தடுத்து அடுக்கியிருக்கும் சாக்குகளுக்கு, ஏற்றிய துறைமுகத்தைப் பொறுத்து வெவ்வேறு சட்டம். இதில் எது செல்லும் என்பதையோ பில் ஆஃப் லேடிங்கை அச்சடித்தவர் முடிவு செய்கிறார்.

உலக நாடுகள் உடன்படும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் 1936ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டிலிருந்து போகும் சரக்கு, அந்நாட்டுக்கு வரும் சரக்கு இரண்டுக்குமே பொருந்துகிறது. நாடாளுமன்றம் ஒரு சிறு திருத்தத்தால் நம் சட்டத்தையும் அப்படி விரிவாக்கலாம். ஓராண்டுக் கெடுவை மாற்ற அதுகூட வேண்டாம். விதிகள் அடங்கிய அட்டவணையை அறிவிக்கை மூலமே திருத்தும் அதிகாரத்தைப் புதிய சட்டம் மத்திய அரசுக்கு வழங்கியிருக்கிறது. தான்சானியாவில் முந்திரி அறுவடை அக்டோபரில் தொடங்கிவிடும். அடுத்த பருவத்தின் முதல் கப்பல் தூத்துக்குடி வருவதற்குள்ளாவது அந்த அறிவிக்கையை வெளியிட வேண்டும் என்று கப்பல் போக்குவரத்து அமைச்சகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முந்திரித் தொழில் செய்யும் வாசகர்,
பண்ருட்டி.